‘ஃபூல்ஸ் க்ரோ’ படிக்கும் முன்: பிளாக்ஃபீட் மக்களின் வரலாறு, வேட்டை, கதைகள்

செந்தாமரை (கேள்வி):

வணக்கம். எங்கள் வாசிப்பு வட்டத்தில் அடுத்ததாக ஜேம்ஸ் வெல்ச் 1986ல் எழுதிய ‘ஃபூல்ஸ் க்ரோ’ நாவலை எடுத்திருக்கிறோம். கதை 1860களின் கடைசியில், இன்றைய மொன்டானாவில், பிளாக்ஃபீட் மக்களிடையே நடக்கிறது. நாவல் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது. ஆனால் பின்னணி தெரிந்துகொள்ள மற்ற நூல்களைப் புரட்டினால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை.

ஒன்றில் பிளாக்ஃபீட் என்றிருக்கிறது, இன்னொன்றில் பிளாக்ஃபுட், வேறொன்றில் பீகன், நாவலில் பிக்குனி. எல்லாம் ஒரே மக்களா? 1870 ஜனவரியில் அமெரிக்க ராணுவம் நடத்திய படுகொலையில் இறந்த பிளாக்ஃபீட் மக்கள் 173 பேர் என்று ஒரு கணக்கு, 217 என்று இன்னொரு கணக்கு. செத்தவர்களில் பெரும்பாலோர் சண்டைக்காரர்கள் என்று சொல்லும் ராணுவ அறிக்கையும் இருக்கிறது. பைசன் (அமெரிக்கக் காட்டெருது) மந்தையைப் பாறை விளிம்பிலிருந்து விழவைக்கும் வேட்டையைப் பற்றிக் கேட்டால், கூச்சல் போட்டு விரட்டினார்கள், அவை விழுந்தன என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அவ்வளவு சுலபமா அது? நாவலின் பிற்பகுதியில் வரும் இறகுப் பெண்ணின் கதையும் தொகுப்புக்குத் தொகுப்பு வேறு மாதிரி இருக்கிறது.

விவரம் தெரிந்தவர்கள் துல்லியமாகச் சொன்னால் வட்டத்தில் எல்லோருக்கும் உதவும்.

---

இளமாறன்:

பெயர்களை முதலில் முடித்துவிடுவோம். மொத்தக் கூட்டமைப்புக்கும் அவர்கள் வைத்திருக்கும் பெயர் நீட்சிதாபி. அதற்குள் சிக்சிகா, கைனாய், பிக்கானி என்று மூன்று மக்கள். மூவருக்கும் மொழி ஒன்று, அல்கோன்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆங்கிலப் பதிவுகளில் கைனாய் மக்களை ‘பிளட்’ என்றும் பிக்கானி மக்களை ‘பீகன்’ என்றும் எழுதினார்கள். பிக்கானிகளில் வடக்கு, தெற்கு என்று இரு பிரிவு. தெற்குப் பிரிவான அம்ஸ்காபி பிக்கானிகளைத்தான் அமெரிக்க அரசு ‘பிளாக்ஃபீட்’ என்று பதிவு செய்தது. இவர்களுடைய ரிசர்வேஷன் (இவர்களுக்கென ஒதுக்கிய நிலம்) மொன்டானாவில், கிளேசியர் தேசியப் பூங்காவுக்குக் கிழக்கே இருக்கிறது; தலைமையிடம் ப்ரௌனிங். மற்றவர்கள் கனடாவின் ஆல்பர்ட்டாவில் இருக்கிறார்கள், அங்கே ‘பிளாக்ஃபுட்’ என்ற வடிவம்தான் வழக்கு. வெல்ச்சின் பிக்குனி என்பது இந்தத் தெற்குப் பிக்கானிதான்.

ஒரு எச்சரிக்கை. லகோட்டா மக்களிலும் சிஹசாபா என்றொரு பிரிவு உண்டு, அதையும் ஆங்கிலத்தில் ‘பிளாக்ஃபீட்’ என்றே எழுதுவார்கள். இவர்களுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. சிட்டிங் புல், லிட்டில் பிக்ஹார்ன் என்று போகும் பக்கத்தில் இந்தப் பெயர் வந்தால் அநேகமாக அது லகோட்டா பிரிவாகத்தான் இருக்கும்.

நாவலுக்கு ஒரு வரைபடம் கட்டாயம் வேண்டும். மேற்கே ராக்கி மலைத்தொடர். அங்கிருந்து இறங்கும் டூ மெடிசின் ஆறும் கட் பேங்க் ஓடையும் சேர்ந்து மரையாஸ் ஆறாகி, கிழக்கே போய் மிசூரியில் கலக்கின்றன. நாவலில் ‘கரடி ஆறு’ என்று வருவது இந்த மரையாஸ்தான். 1805ல் அமெரிக்க அரசு அனுப்பிய ஆய்வுப் பயணி மெரிவெதர் லூயிஸ் தன் உறவுக்காரப் பெண்ணின் பெயரை அதற்கு வைத்தார். மறு வருடம் ஜூலை 27 அன்று அதே லூயிஸின் குழு டூ மெடிசின் கரையில் இரண்டு பிக்கானி இளைஞர்களைக் கொன்றது. அமெரிக்க அரசின் ஆட்களோடு இந்த மக்களுக்கு முதல் அறிமுகம் அப்படித்தான் நடந்தது. வடக்கே 49ஆவது அட்சரேகையில், இன்றைய கனடா எல்லையில், ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதைத் தாண்டினால் அமெரிக்கக் குதிரைப்படை துரத்தி வராது. நாவலில் பலர் ஏன் வடக்கே போகிறார்கள் என்பது அப்போது தானாகவே விளங்கும்.

---

கயல்விழி:

படுகொலைக் கணக்கைப் பற்றி நான் எழுதுகிறேன். எண்ணைப் பார்க்கும் முன் அதைச் சொன்னது யார், எந்த இடத்தில் நின்று சொன்னார் என்று பாருங்கள். குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

நடந்தது இது. 1869 ஆகஸ்டில் மால்கம் கிளார்க் என்ற வெள்ளை வணிகர் கொல்லப்பட்டார். கொன்றவர் ஆவ்ல் சைல்ட் என்ற பிக்கானி இளைஞர். கிளார்க்கின் மனைவி பிக்கானிப் பெண், ஆவ்ல் சைல்டுக்கு உறவுமுறை. இருவருக்கும் பழைய பகை இருந்தது. 1870 ஜனவரி 1 அன்று ஜெனரல் சல்லி சில தலைவர்களை அழைத்து, குற்றவாளிகளை ஒப்படைக்கச் சொன்னார். வந்தவர்களில் ஒருவர் ஹெவி ரன்னர். இவர் சமாதானக்காரர் என்று எழுதிய தாள் ஒன்று அவர் கையில் இருந்தது. ராணுவம் தேடியது ஆவ்ல் சைல்ட் இருந்த மவுன்டன் சீஃபின் முகாமை.

ஜனவரி 23 விடியற்காலை, மைனஸ் 30 டிகிரியை ஒட்டிய குளிரில், மேஜர் யூஜீன் பேக்கரின் படை மரையாஸ் கரையில் ஒரு முகாமை வளைத்தது. அது ஹெவி ரன்னரின் முகாம். வழிகாட்டியாக வந்த ஜோ கிப் இது வேறு முகாம் என்று கத்தினார், அவரை மிரட்டி வாயடைத்தார்கள். ஹெவி ரன்னர் தாளைக் கையில் தூக்கிப் பிடித்தபடி வெளியே வந்தார், சுட்டுக் கொன்றார்கள். முகாமில் பெரியம்மை பரவியிருந்தது. திடகாத்திரமான ஆண்கள் பெரும்பாலும் வேட்டைக்குப் போயிருந்தார்கள். ராணுவத் தரப்பில் சாவு ஒன்று.

இனி கணக்கு. பேக்கரின் அறிக்கை சொல்வது: இறந்தவர்கள் 173, அதில் 120 பேர் சண்டையிடக்கூடிய ஆண்கள், 53 பேர் பெண்களும் குழந்தைகளும். பிளாக்ஃபீட் மக்களுக்கான அரசு முகவர் வில்லியம் பீஸ், தப்பியவர்களிடம் விசாரித்து அனுப்பிய கணக்கிலும் மொத்தம் 173தான். ஆனால் பிரிவு வேறு. பெண்கள் 90, பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள் 50, ஆண்கள் 33. அந்த 33லும் 12 முதல் 37 வயது வரை உள்ளவர்கள் 15 பேர், மற்ற 18 பேர் அதற்கு மேற்பட்டவர்கள். ஆகவே 173 என்ற எண்ணைப் பார்த்தவுடன் ‘இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்ட எண்’ என்று நினைத்துவிடாதீர்கள். தகராறு முழுவதும் அந்த எண்ணுக்கு உள்ளே இருக்கிறது. 217 என்பது ஜோ கிப் பிற்காலத்தில் சொன்னது. தானே உடல்களை எண்ணியதாகச் சொன்னார்.

இதோடு இன்னொரு கணக்கும் சேரவேண்டும், அது எந்த அறிக்கையிலும் இல்லை. பிடிபட்ட சுமார் 140 பெண்களும் குழந்தைகளும், அவர்களுக்குப் பெரியம்மை இருப்பது தெரிந்ததும், அந்தக் குளிரிலேயே விடுவிக்கப்பட்டார்கள். கூடாரங்களும் உணவும் ஏற்கெனவே எரிக்கப்பட்டுவிட்டன. வழியில் உறைந்து இறந்தவர்களை யாரும் எண்ணவில்லை. படுகொலை என்றால் அன்று காலை பாய்ந்த குண்டுகள் மட்டும் அல்ல என்பதை வட்டத்தில் அழுத்தமாகச் சொல்லுங்கள்.

பேக்கருக்குத் தண்டனை எதுவும் கிடைக்கவில்லை. கிழக்குப் பகுதிப் பத்திரிகைகளில் எழுந்த கண்டனத்தால் ஒன்று நடந்தது. பழங்குடி விவகாரங்களைப் போர்த் துறையிடம் ஒப்படைக்கும் திட்டம் காங்கிரஸில் விழுந்துபோனது.

வெல்ச்சின் கொள்ளுப்பாட்டி ரெட் பெயின்ட் உமன் அந்த முகாமில் இருந்து உயிர்தப்பியவர். அவர் சொன்னவை குடும்பத்தில் வழிவழியாக வந்தன. அதை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால், நாவலாசிரியர் அந்தக் காலைப்பொழுதை ஏன் நேரடிச் சண்டைக்காட்சியாக எழுதவில்லை, ஏன் நாயகனை எல்லாம் முடிந்த பிறகு அங்கே கொண்டுவருகிறார் என்பது புரியும். தப்பியவர்களின் வாய்மொழி வழியாகத்தான் அவருக்கே அது கிடைத்தது. நாயகனும் அதே வழியில்தான் தெரிந்துகொள்கிறான்.

---

ராசு_தொல்லியல்:

வேட்டையைப் பற்றி ஒரே வரியில் எழுதியவர்கள் மீது எனக்கு உண்மையிலேயே வருத்தம். கூச்சல் என்பது கடைசி ஒரு நிமிடத்து வேலை. அதற்கு முன்னால் சில நாள் வேலை இருக்கிறது.

ஆல்பர்ட்டாவில் ஃபோர்ட் மெக்லௌட் அருகே உள்ள ஹெட்-ஸ்மேஷ்டு-இன் பாறையை எடுத்துக்கொள்வோம். 1981ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம். ஐயாயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் பயன்பட்டிருக்கிறது. பாறையின் உயரம் இன்று பத்து மீட்டரை ஒட்டித்தான். அடியில் எலும்பும் மண்ணுமாகப் பத்து மீட்டருக்கு மேல் சேர்ந்திருப்பதால் பழைய உயரம் இன்னும் அதிகம்.

பாறைக்கு மேற்கே சுமார் 40 சதுர கிலோமீட்டர் புல்வெளிப் பள்ளம். மந்தை அங்கே மேயும். அங்கிருந்து பாறையை நோக்கிப் புனல் வடிவத்தில் ஒடுங்கி வரும் கற்குவியல் வரிசைகள் உண்டு, இவை பல கிலோமீட்டர் நீளம். 500க்கும் மேற்பட்ட குவியல்களை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் முழங்கால் உயரம்கூட இருக்காது. அது வேலி இல்லை. குவியலில் செருகிய கிளைகளும் தழைகளும் காற்றில் அசையும். பைசனுக்குக் கண்பார்வை மட்டம், மூக்கு மிகக் கூர்மை. அசைவது எதுவென்று தெரியாமல் ஒதுங்கிப் போகும். அந்த ஒதுங்கல்தான் மந்தையைப் பாதைக்குள் வைத்திருக்கும்.

எல்லாவற்றையும் தீர்மானிப்பது காற்று. அங்கே பெரும்பாலும் மேற்குக் காற்று, பாறை கிழக்கு பார்த்தது. ஆகவே பாறைக்குக் கீழே இருக்கும் முகாமின் புகையும் மனித வாடையும் மந்தைப் பக்கம் போகாது. மந்தைக்குப் பின்னால் மேற்கே நிற்கும் ஆட்களின் வாடை மட்டும் மெல்ல வந்து அவற்றை முன்னால் தள்ளும். காற்று திரும்பினால் அன்றைய வேலை அதோடு சரி. மந்தை சிதறும், மறுபடி சேர்க்கச் சில நாள் ஆகும்.

மந்தையை நகர்த்துபவர்கள் ஓட்டத்தில் தேர்ந்த இளைஞர்கள். ஒருவர் கன்றுத் தோலைப் போர்த்திக்கொண்டு, தொலைந்துபோன கன்றைப் போல முன்னால் கத்துவார். பின்னால் ஓநாய்த் தோல் போர்த்தியவர்கள். கன்றுக்கும் ஓநாய்க்கும் நடுவில் போய் நிற்பது தாய்ப்பசுக்களின் இயல்பு, அதனால் மந்தை கன்றின் பக்கம் நகரும். அவசரம் கூடாது. மந்தை மேய்ந்துகொண்டே வரவேண்டும். மிரண்டால் அகலமான பகுதியில் எந்தப் பக்கமும் உடைத்துக்கொண்டு போய்விடும். பாதை ஒடுங்கிய கடைசிச் சில நூறு மீட்டரில்தான் குவியல்களுக்குப் பின்னால் ஒளிந்திருப்பவர்கள் எழுந்து தோல்களை வீசிக் கத்துவார்கள். முன்னால் ஓடுபவை விளிம்பைப் பார்த்து நிற்க நினைத்தாலும் பின்னால் வருபவை விடாது. ஆள் குறைவாக இருந்தாலோ, ஒருவர் முன்கூட்டியே எழுந்துவிட்டாலோ, மந்தை வரிசையைக் கிழித்துக்கொண்டு வெளியேறும்.

நல்ல பாறை கிடைக்காத இடத்தில், குறிப்பாகக் குளிர்காலத்தில், மரம் உள்ள பள்ளத்தாக்கில் பட்டி கட்டுவார்கள். பட்டியின் சுவரில் தோல்களைத் தொங்கவிட்டு வெளிச்சம் தெரியாமல் அடைப்பார்கள். இடைவெளி வழியாக வெளியே தெரிந்தால் பைசன் முட்டி உடைத்துவிடும். தெரியாவிட்டால் முட்டாது.

பருவம் முக்கியம். இணைசேரும் காலம் ஜூலை, ஆகஸ்ட். அது முடிந்ததும் காளைகள் கொழுப்பு வற்றிப்போயிருக்கும், பசுக்களோ இலையுதிர்காலத்தில் கொழுத்திருக்கும். அதனால் பெரிய வேட்டைகள் இலையுதிர்காலத்தில், பசு-கன்று மந்தைகளைக் குறிவைத்து நடந்தன. இது ருசி பற்றிய விஷயம் இல்லை. கொழுப்பே இல்லாத இறைச்சியை மட்டும் வாரக்கணக்கில் தின்றால் உடல் நலிந்து சாகும். குளிர்காலத்தைக் கடக்கக் கொழுப்புதான் வேண்டும்.

விழுந்த பிறகு வேலை இன்னும் அதிகம். கனமான தோல் சூட்டை உள்ளே பிடித்து வைத்திருப்பதால், வயிற்றைக் கிழிக்காமல் விட்ட உடல் குளிர்நாளிலும் சில மணி நேரத்தில் கெட ஆரம்பிக்கும். வெட்டு, உரி, கூறுபோடு என்று மொத்த முகாமும் இறங்கவேண்டும். எலும்புக் கொழுப்பு எடுக்க, தரையில் குழி வெட்டி, பச்சைத் தோலை உள்ளே விரித்து, தண்ணீர் ஊற்றி, நெருப்பில் பழுக்கக் காய்ச்சிய கற்களைப் போடுவார்கள். கொதிக்கும், உடைத்த எலும்பின் கொழுப்பு மேலே மிதக்கும், வழித்து எடுப்பார்கள். அந்த இடத்திலேயே மணற்பாறை ஏராளமாக இருந்தும், சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து குவார்ட்சைட் கற்களைச் சுமந்து வந்தார்கள். மணற்பாறை சூட்டில் பொடிந்து கொழுப்பில் மண் கலந்துவிடும். கல்லைத் தேர்ந்தெடுத்ததிலேயே எவ்வளவு தலைமுறை அனுபவம் இருக்கிறது, பாருங்கள்.

---

செந்தாமரை:

ராசு அண்ணா, மிக்க நன்றி. குதிரை வந்த பிறகும் இது நடந்ததா? நாவலில் எல்லாம் குதிரை மேல்தான் இருக்கிறது. பெமிக்கன் (இடித்த காய்ந்த இறைச்சியில் கொழுப்புச் சேர்த்த உணவு) செய்யும் அளவுகளும் தெரிந்தால் சொல்லுங்கள்.

கயல்விழி அக்கா, ‘குளிர்காலக் கணக்கு’ என்று ஒரு வகைப் பதிவு இருப்பதாகப் படித்தேன். அதை வைத்துத் தேதி சொல்ல முடியுமா?

---

ராசு_தொல்லியல்:

குதிரை 1730களை ஒட்டி இவர்களிடம் வந்தது. அதற்குப் பின்னும் பாறை வேட்டை உடனே நிற்கவில்லை, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அங்கங்கே நடந்தது. ஆனால் குதிரை இருந்தால் நாலு பேர் போய் வேண்டிய பசுவைத் தேர்ந்து அடிக்கலாம். மொத்தக் கூட்டமும் சேர்ந்து, ஒருவர் சொல்படி நடந்து, வந்ததை எல்லோருக்கும் பகிரும் ஏற்பாடு தளர்ந்தது. நல்ல குதிரை வைத்திருப்பவன், இல்லாதவன் என்ற வேறுபாடு வந்தது. நாவலின் தொடக்கத்தில் நாயகன் தன்னிடம் ஒன்றும் இல்லையே என்று குமைவதும், குதிரை கவர்ந்துவரக் க்ரோ மக்களின் முகாமுக்குப் போவதும் இந்த மாற்றத்துக்குப் பிந்தைய உலகம்.

பெமிக்கன்: கொழுப்பில்லாத இறைச்சியை இழை போகும் திசையிலேயே மெல்லிய தகடாக அரிந்து வெயிலிலும் லேசான புகையிலும் காயவைக்க வேண்டும். ஐந்து கிலோ பச்சை இறைச்சி காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ. வளைத்தால் ஒடியும் பதம் வரவேண்டும். நடுவில் ஈரம் இருந்தால் பைக்குள் பூசணம் பிடிக்கும், பெரும்பாலும் கெடுவது இதனால்தான். பிறகு கல் சம்மட்டியால் பொடியாக இடித்து, உருக்கிய கொழுப்பை எடைக்கு எடை என்ற கணக்கை ஒட்டிச் சேர்க்கவேண்டும். தோல் வணிகக் காலத்துப் பை ஒன்றில் 50 பவுண்டு இறைச்சி, 40 பவுண்டு கொழுப்பு. கொழுப்பு கை பொறுக்கும் சூட்டில் இருக்கவேண்டும். அதிகச் சூட்டில் ஊற்றினால் இறைச்சி வெந்துவிடும். சாஸ்கட்டூன் பழத்தை உலர்த்திச் சேர்ப்பதுண்டு; அதுவும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். தோல் பையில் காற்று தங்காமல் மிதித்து அடைத்து, தையலின் மேல் கொழுப்பைப் பூசி மூடுவார்கள். சரியாகச் செய்தது வருடக்கணக்கில் கெடாது.

---

கயல்விழி:

குளிர்காலக் கணக்கு என்பது ஆண்டுக்கு ஒரு நிகழ்ச்சி. அந்த நிகழ்ச்சியின் பெயரே அந்த ஆண்டின் பெயர். கைனாய் தலைவர் பேட் ஹெட் வைத்திருந்த கணக்கு 1810 முதல் 1883 வரை போகிறது. ஆண்டுகளை எண்ணால் குறிக்காமல் நினைவால் குறிக்கும் முறை இது. வைத்திருப்பவர் வரிசையை மனப்பாடமாகச் சொல்லுவார்.

தேதியாக மாற்றும்போது ஒரு இடத்தில் எல்லோரும் சறுக்குவார்கள். ஒரு ‘குளிர்காலம்’ நம் நாட்காட்டியின் இரண்டு ஆண்டுகளில் பரவியிருக்கும். கிளார்க் கொலை 1869 கோடையில், படுகொலை 1870 ஜனவரியில், பெரியம்மை இரண்டுக்கும் நடுவே தொடங்கியது. பெரியம்மையும் படுகொலையும் நாட்காட்டியில் இரண்டு ஆண்டு, குளிர்காலக் கணக்கில் ஒரே குளிர்காலம். அந்த மக்கள் இரண்டையும் ஏன் ஒரே துயரமாக நினைவில் வைத்தார்கள் என்பதை நாட்காட்டி மறைத்துவிடுகிறது. வரிசையைச் சரிபார்க்க வானத்து நிகழ்வுகள் உதவும். 1833 நவம்பரில் எரிகற்கள் மழையாகக் கொட்டியது. அதைச் சமவெளி மக்கள் பலரின் கணக்குகளில் பார்க்கலாம். அதை ஆணியாக அடித்துவிட்டு முன்னும் பின்னும் எண்ண வேண்டும். 1837-38 பெரியம்மையும் அப்படிப்பட்ட ஓர் அடையாளம்.

---

நாச்சியார்:

கதைகள் பற்றி. செந்தாமரை, எந்தத் தொகுப்பு ‘சரி’ என்று தேடவேண்டாம் அம்மா. கயல்விழி எண்களுக்குச் சொன்னதே கதைகளுக்கும். சொன்னது யார், எழுதியது யார், நடுவில் மொழிபெயர்த்தது யார் என்று ஒவ்வொரு தொகுப்பின் முன்னுரையிலும் தேடிப் பாருங்கள்.

இறகுப் பெண்ணையே எடுத்துக்கொள்வோம். விடிவெள்ளியை மணந்து வானுலகம் போகிறாள். தோண்டக்கூடாது என்று சொன்ன பெரிய கிழங்கைத் தோண்டுகிறாள். அந்த ஓட்டை வழியாகத் தன் ஊர்க் கூடாரங்களைப் பார்த்து ஏங்குகிறாள். சூரியன் அவளைக் கீழே அனுப்பிவிடுகிறான். 1910ல் வால்டர் மெக்ளின்டாக் வெளியிட்ட வடிவத்தில் முகத்தழும்புள்ள இளைஞன் பொயா அவளுடைய மகன். 1892ல் ஜார்ஜ் பேர்ட் கிரின்னல் வெளியிட்ட வடிவத்தில் தழும்பன் ஒரு ஏழை இளைஞன். அவன் விரும்பிய பெண்ணின் நிபந்தனைக்காகச் சூரியனின் இருப்பிடம் தேடிப் போகிறான், இறகுப் பெண் அங்கே வருவதில்லை. இரண்டிலும் அவன் கொடிய பறவைகளிடமிருந்து விடிவெள்ளியைக் காப்பாற்றுகிறான், சூரியன் தழும்பை நீக்கி, ஒகான் என்ற சூரிய நடனச் சடங்கைக் கற்றுக்கொடுத்து அனுப்புகிறான். ஒன்று சிதைந்து மற்றொன்று ஆகவில்லை. சடங்கின் வெவ்வேறு பகுதிகளுக்கு வெவ்வேறு கதை வேர். ஒகானை ஏற்று நடத்தும் பெண் அணியும் நடோவாஸ் என்ற தலையணியும் உடன் வரும் தோண்டுகோலும் இறகுப் பெண்ணின் கிழங்குக் கதையோடு சேர்ந்தவை.

எனவே நாவலில் அவள் வரும் பகுதியைக் கனவுக்காட்சி என்று கடந்துவிடாதீர்கள். தன் மீறலால் ஊருக்குத் துன்பம் வந்தது என்று நினைத்துத் தனியே இருக்கும் ஒருத்தி, வரப்போகும் துன்பங்களை நாயகனுக்குத் தோல் ஓவியமாகக் காட்டுகிறாள். பெரியம்மை, படைகள், பைசன் இல்லாத வெளி, பள்ளிக்கூடத்து முற்றத்தில் ஒட்டாமல் நிற்கும் பிள்ளைகள். குளிர்காலக் கணக்கு நடந்ததை எழுதும். இங்கே நடக்கப்போவது அதே வடிவில் வருகிறது. நாவலில் வெல்ச் செய்த மிகப் பெரிய காரியம் இது என்பது என் அபிப்பிராயம்.

தொகுப்புகளில் நான் முதலில் கையில் எடுப்பது 1908ல் கிளார்க் விஸ்லர், டேவிட் டுவால் இருவர் பெயரிலும் வந்த புராணத் தொகுப்பு. டுவாலின் தாய் பிக்கானி. மொழி தெரிந்து, முதியவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதியவர் அவர். நியூயார்க்கில் இருந்து ஒழுங்குபடுத்தியவர் விஸ்லர். வடிவங்களை ஒன்றாக்கி மெருகேற்றாமல் தனித்தனியே கொடுத்திருப்பதால் ஒப்பிட வசதி. கிரின்னல் படிக்கச் சுகமாக இருப்பார், ஆனால் அவருடைய ஆங்கிலப் பூச்சு உண்டு. அந்தச் சமூகத்துக்குள்ளிருந்தே ஒருவர் சொல்வதைக் கேட்கவேண்டும் என்றால் பெர்ஸி புல்சைல்டின் 1985 நூல். உலகத் தோற்றத்திலிருந்து நாப்பி கதைகள் வரை தன் பேச்சுநடையிலேயே எழுதியிருக்கிறார். பெண்களின் வாழ்க்கை, சமையல், சடங்கு தெரியக் கைனாய் பெண் பெவர்லி ஹங்கிரி வுல்ஃபின் 1980 நூல். ஆண்கள் எழுதிய எதிலும் கிடைக்காத விவரங்கள் அதில் இருக்கின்றன.

நாப்பியைப் பற்றி ஒரு வார்த்தை. படைத்தவனும் அவனே, ஏமாற்றுக்காரனும் அவனே, ஏமாந்துபோகிறவனும் அவனே. இவற்றைச் சேர்த்துவைத்துக் கடவுளா கோமாளியா என்று விவாதிக்க ஆரம்பித்தால் வட்டம் அங்கேயே நின்றுவிடும். ஆறு எங்கே ஓடுகிறது, ஒரு பாறை ஏன் பிளந்திருக்கிறது என்று அந்த நிலத்தின் இடங்களோடு கட்டப்பட்ட கதைகள் அவை. இளமாறன் சொன்ன வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

எல்லாமே எல்லோருக்கும் திறந்த கதை இல்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பீவர் மூட்டை, இடிக்குழல் மூட்டை போன்ற புனித மூட்டைகளும் அவற்றின் பாடல்களும், கூடாரத்தின் மேல் தீட்டும் ஓவியங்களும் சடங்கு வழியாக ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கைமாறுபவை. உரிமை பெறாதவர் அந்த ஓவியத்தைத் தீட்டமாட்டார். ஓவியக் கூடாரத்தில் கீழ்ப்பட்டையில் வெள்ளை வட்டங்கள் விழுந்த நட்சத்திரங்கள். உச்சியில் இருண்ட பகுதியில் சப்தரிஷி மண்டலமும் கார்த்திகைக் கூட்டமும். பின்பக்க உச்சியில் உள்ள சிலுவை போன்ற வடிவம் கனவு கொண்டுவரும் அந்துப்பூச்சி. வட்டத்துக்குச் சுவரொட்டி செய்வதானால் இணையத்தில் கிடைக்கும் கூடார ஓவியத்தை நகல் எடுக்கவேண்டாம்.

---

இளமாறன்:

ஒன்று சேர்க்கிறேன். நாவல் 1870ல் முடிகிறது, அங்கேயே இந்த மக்களும் முடிந்துபோனதுபோலப் பலர் பேசிவிடுகிறார்கள். அது பெரிய தவறு.

1855 அக்டோபர் 17 அன்று ஜூடித் ஆற்று முகத்துவாரத்தில் கையெழுத்தான ஒப்பந்தம்தான் அவர்கள் அமெரிக்காவோடு கையெழுத்திட்ட முதல் தாள். அதற்குப் பின் நிலம் துண்டு துண்டாகப் போனது. பைசன் அற்றுப்போன 1883-84 குளிர்காலத்தில் ரேஷன் வராமல் சுமார் 600 பேர் பட்டினியால் இறந்தார்கள். நான்கு ஆண்டு கழித்து 1888ல் ஒரு கோடியே எழுபது லட்சம் ஏக்கர் கைமாறியது. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். பட்டினி கிடந்தவர்களிடம்தான் பேரம் நடந்தது. 1895ல் மேற்கு மலைப் பகுதியை 15 லட்சம் டாலருக்குக் கேட்டு வந்த மூன்று பேரில் ஒருவர், நாச்சியார் அம்மா சொன்ன அதே கிரின்னல். கதை தொகுத்தவரும் அவரே, நிலம் வாங்க வந்தவரும் அவரே. அந்த நிலத்தின் வடபாதி 1910ல் கிளேசியர் பூங்காவுக்குள் போனது.

இருபதாம் நூற்றாண்டுக்கு இரண்டு பெயர்கள். தங்கள் நிலத்தின் குத்தகைப் பணத்துக்கு அரசு கணக்குக் காட்டவில்லை என்று 1996ல் வழக்குப் போட்டவர் எலூயிஸ் கோபெல், பிளாக்ஃபீட் பெண்மணி. 2009ல் 340 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. 1987ல் டேரல் கிப்பும் நண்பர்களும் ப்ரௌனிங்கில் பீகன் இன்ஸ்டிட்யூட்டைத் தொடங்கினார்கள். குழந்தைகளுக்கு முழுக்க முழுக்கத் தாய்மொழியிலேயே பாடம் நடத்தும் பள்ளி அதிலிருந்து வந்தது. 2016ல் கனடாவின் எல்க் ஐலண்டிலிருந்து எண்பதுக்கும் மேற்பட்ட பைசன் கன்றுகளைத் தங்கள் நிலத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

எழுத்தில் வெல்ச்சுக்குப் பின் ஸ்டீஃபன் கிரஹாம் ஜோன்ஸைத் தவறவிடாதீர்கள். அவருடைய 2025 நாவல் ‘த பஃபலோ ஹன்டர் ஹன்டர்’ மரையாஸ் படுகொலையையே மையமாக வைத்து, ரத்தம் குடிக்கும் ஒரு பிக்கானியின் வாக்குமூலமாகப் போகிறது. 1912ல் ஒரு லூத்தரன் போதகர் அதைக் கேட்டு எழுதிவைக்கிறார். சொன்னது யார், எழுதியது யார் என்ற கேள்வி அங்கே கதையின் கட்டமைப்பாகவே ஆகிவிட்டது. ‘ஃபூல்ஸ் க்ரோ’ முடித்த மாதத்திலேயே அதை எடுத்தால் நன்றாக இருக்கும். நடுவில் வெல்ச்சின் 1974 நாவல் ‘வின்டர் இன் த பிளட்’ சின்னது, இரண்டு கூட்டங்களில் முடியும்.

---

செந்தாமரை:

எல்லோருக்கும் நன்றி. முதல் கூட்டத்துக்கு வரைபடமும் பேக்கர், பீஸ் இருவரின் கணக்கும் ஒரே தாளில் போட்டுக் கொடுக்கிறேன். இரண்டாம் கூட்டத்தில் கிரின்னல், மெக்ளின்டாக் இருவரின் தழும்பன் கதையையும் அடுத்தடுத்து வாசித்துவிட்டுத்தான் இறகுப் பெண் அத்தியாயத்துக்குள் போகப்போகிறோம்.